சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளில் வேலை செய்தவர்களின் குடும்பங்கள் யாராவது இருக்கிறீர்களா?

உப்புவெளிப் பேத்தி

எல்லோருக்கும் வணக்கம். என் அம்மப்பா திருகோணமலையில் உள்ள சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளில் வேலை செய்தவர். நான் பிறக்கும் முன்பே காலமாகிவிட்டார். அவர் அங்கே வேலை செய்த காலத்தில் அம்மா சின்னப் பிள்ளை. அதனால் அவரிடம் கேட்டாலும் பெரிதாக எதுவும் வருவதில்லை. "அப்பாவின் காக்கிச் சட்டை மணக்கும். அம்மா அதை மற்ற உடுப்புகளோடு சேர்க்காமல் கிணற்றடியில் தனியாகப் போட்டு வைப்பா" என்பதோடு நிறுத்திவிடுவார்.

போன மாதம் பழைய வீட்டுக் கூரையைத் திருத்த ஆட்களைப் பிடித்தோம். பறணில் ஒரு றங்குப் பெட்டி கிடைத்தது. உள்ளே ஒரு நீளமான இரும்பு நாடா, மரப்பிடியும் சுற்றும் கைபிடியும் வைத்த சட்டத்தில் சுற்றியபடி இருக்கிறது. நாடாவின் நுனியில் ஒரு பித்தளைக் கட்டி. என் உள்ளங்கை நீளம் இருக்கும். கூர்முனை கிடையாது, நாலு பக்கமும் சதுரமாக இருக்கிறது, ஒரு பக்கத்தில் சின்னச் சின்னக் கோடுகள் வெட்டி எண்களும் போட்டிருக்கிறார்கள். கூடவே ஒரு ஒல்லியான கொப்பி, பாதிப் பக்கங்கள் ஒட்டிப்போய் இருக்கின்றன.

கூரை வேலைக்கு வந்தவர் அது ஓவர்சியர்மார் காணி அளக்கிற ரேப் (அளவு நாடா) என்கிறார். பழைய இரும்பு வாங்க வருபவர் பித்தளைக்கு நல்ல விலை தருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இது என்ன சாமான்? இதை வைத்து அம்மப்பா என்ன வேலை செய்திருப்பார்? அந்தக் காலத்தில் சீனக்குடாவில் எப்படி இருந்தார்கள், எங்கே சாமான் வாங்கினார்கள், பிள்ளைகள் எங்கே விளையாடினார்கள்? எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, சொல்லுங்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

---

சீனக்குடாப் பழையவன்

பிள்ளை, அந்தப் பித்தளைக் கட்டியை யாருக்கும் கொடுத்துவிடாதே. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் ஆறுதலாக.

எனக்கு 78 வயது. 1947இல் சீனக்குடாவில் பிறந்தவன். இப்போது பாலையூற்றில் மகளோடு இருக்கிறேன். பேரன்தான் உன் கேள்வியைக் கொண்டுவந்து காட்டினான். என் அப்பாவும் தாங்கிகளில் இருந்தவர். உன் அம்மப்பாவும் அவரும் ஒன்றாக நின்றிருக்கக்கூடும். பெயரை இங்கே பொதுவில் போடாதே, தனியாக எழுது.

அது காணி அளக்கிற ரேப் இல்லை. எண்ணெய் அளக்கிற ரேப். 'டிப் ரேப்' என்பார் அப்பா. காலையில் வீட்டை விட்டு இறங்கும்போது "டிப் பார்க்கப் போறன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். கட்டிக்குக் கூர்முனை இல்லை, சதுரமாகக் கோடு வெட்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை நான் மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். கூர்முனைக் கட்டி மண்ணெண்ணெய், பெற்றோல் போன்ற மெல்லிய எண்ணெய்க்கு. அதைத் தாங்கியின் அடியில் தட்டும்வரை இறக்கிவிட்டு, நாடாவில் எவ்வளவு உயரத்துக்கு நனைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். கப்பலுக்கு எரிக்கிற கறுப்பு எண்ணெயில் அப்படிச் செய்ய ஏலாது. அது தார் மாதிரி. நாடாவை அடிவரைக்கும் விட்டால் முழுவதும் பூசிக்கொண்டு வரும், இழுக்கிறவன் கை கால் எல்லாம் அதுதான், கோடும் தெரியாது.

அதனால் கறுப்பு எண்ணெயை மேலிருந்து அளப்பார்கள். தாங்கியின் உச்சியில் ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்து, எண்ணெயின் முகத்தில் கட்டி போய்ப் படும்வரை நாடாவை இறக்க வேண்டும். பட்டதும் மேலே மெல்லிய வட்டம் ஒன்று விரியும். உள்ளே இருட்டு, அந்த வட்டம் பழகிய கண்ணுக்குத்தான் தெரியும். இன்னும் கொஞ்சம் விட்டு, கட்டியின் பாதி நனைந்ததும் நிறுத்தி, மூடியின் விளிம்பில் நாடா எத்தனை அடி, எத்தனை அங்குலம் காட்டுகிறது என்று வாசிக்க வேண்டும். பிறகு இழுத்தெடுத்து, கட்டியில் எந்தக் கோடுவரை கறுத்திருக்கிறது என்று பார்த்து, நனையாத பகுதியை அதோடு கூட்ட வேண்டும். அப்படி வருகிற கணக்கு எண்ணெயின் கணக்கு இல்லை. எண்ணெய்க்கு மேலே எவ்வளவு வெறுமையாக இருக்கிறது என்ற கணக்கு. தாங்கியின் மொத்த உயரத்திலிருந்து அதைக் கழித்தால்தான் எண்ணெயின் உயரம் வரும். அந்த உயரத்துக்கு எத்தனை கலன் (கேலன்) என்று பார்க்க ஒவ்வொரு தாங்கிக்கும் தனித்தனி அட்டவணை இருந்தது. ஒரே அளவு என்று கட்டின தாங்கிகள்தான், ஆனாலும் ஒன்று போல் மற்றது இருக்காது என்பார் அப்பா.

சின்ன வயதில் நான் கேட்டேன், நீங்கள் எண்ணெயை அளக்கிறீர்களா என்று. "இல்லையடா, நான் வெறுமையை அளக்கிறன்" என்றார். எனக்கு அப்போது விளங்கவில்லை. உன் அம்மப்பா வைத்திருந்ததும் அதே வேலைக்கான கட்டிதான். எனக்கு அதில் சந்தேகமே கிடையாது.

கட்டி ஏன் பித்தளை என்றும் அம்மாவுக்குச் சொல்லு. இரும்பு இரும்போடு உரசினால் பொறி பறக்கும், பித்தளை பறக்காது. மின்னல் வெட்டினால் ஒருவரும் தாங்கியில் ஏறக்கூடாது. நெருப்புப் பெட்டியை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அப்பா வீட்டுக்கு வந்த பிறகும், சுருட்டு பற்ற வைக்க வளவின் கோடிக்குப் போவார். அந்தப் பழக்கம் சாகும்வரை போகவில்லை.

டிப் பார்க்க விடியற்காலையில் போவதற்குக் காரணம் உண்டு. வெயில் ஏறினால் எண்ணெய் விரியும். அதே எண்ணெய், காலையில் ஒரு அளவு, பின்னேரம் ஒரு அளவு காட்டும். அதனால் அளவோடு சூட்டையும் பார்த்து எழுத வேண்டும். பித்தளைக் கூட்டுக்குள் வைத்த வெப்பமானியைக் கயிற்றில் இறக்கிக் காத்திருந்து எடுப்பார்கள். அந்தக் கொப்பியை மெதுவாகப் பிரித்துப் பார், உள்ளே இதுதான் இருக்கும்.

இனி ஊரைச் சொல்கிறேன்.

ஊர் என்றால் சந்தையும் தேரடியும் உள்ள ஊர் இல்லை. திருகோணமலைப் பட்டினம் தள்ளி. எங்கள் பக்கம் காடு. காட்டுக்குள் தாங்கி, தாங்கிக்கு இடையில் பாதை, பாதை நெடுக குழாய், குழாய் போய் இறங்குகிற இடத்தில் கடல். தாங்கிகள் தனியொரு ஊர் மாதிரி 850 ஏக்கரில் பரந்து கிடந்தன. ஒன்றுக்கு ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். ஒன்றின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் மற்றது தெரியாது. மாரி காலத்தில் யானை வரும். தாங்கிக்கும் தாங்கிக்கும் நடுவில் கன்றோடு நிற்கும். அப்பா ஒரு நாள் மேலே டிப் பார்த்துக்கொண்டிருக்க, கீழே படிக்கட்டோரம் கொம்பன் ஒன்று முதுகை உரசிக்கொண்டு நின்றதாம். அது போகும்வரை ஒன்றரை மணித்தியாலம் உச்சியிலேயே குந்தியிருந்திருக்கிறார். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சோறு கொண்டுவர ஆள் இல்லாமல் நான் பசியோடு இருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

எங்கள் வீடு வரிசையில் நாலாவது. தகரக் கூரை, சிமெந்துத் தரை, முன்னால் சிறு திண்ணை. தண்ணீருக்கு வரிசைக்கு ஒரு பைப். பக்கத்து வீட்டில் மலையாளிக் குடும்பம். அந்தக் காலத்தில் டொக்யாட்டிலும் (கப்பல் திருத்துகிற துறையிலும்) தாங்கியிலும் மலையாளிகள் நிறையப் பேர் இருந்தார்கள். அந்த வீட்டு அம்மா தேங்காய்ப்பாலில் மீன் வைப்பா, எங்கள் அம்மாவின் குழம்பு புளிக்குழம்பு. இரண்டு சட்டியும் வேலிக்கு மேலால் போய் வரும். அரிசி கூப்பனுக்குத்தான், கொத்துக் கணக்கில். மீன் வெள்ளைமணல் ஆட்கள் கொண்டுவருவார்கள். சம்பளம் கிடைத்த கிழமையில் கீரிமீன் சூடையோடு நிற்காமல் விளைமீன், பாரை என்று வரும். மற்றக் கிழமைகளில் பாணும் சம்பலும்.

நூறு தாங்கிக்குப் பக்கத்தில் இருந்தோம், ஆனால் வீட்டில் எரித்தது கடையில் போத்தல் கணக்கில் வாங்கின மண்ணெண்ணெய். குப்பி விளக்கில்தான் நான் எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். தாங்கியில் இருந்தது வீட்டில் எரிக்கிற எண்ணெய் இல்லையே.

மணத்தைப் பற்றி உன் அம்மா சொன்னது முழு உண்மை. சட்டையை இரண்டு தரம் சவர்க்காரம் போட்டு அடித்தாலும் போகாது. நாங்கள் பிள்ளைகள் குழாய்ப் பாதையில் வெறுங்காலோடு ஓடி, எங்கேயாவது சிந்திக் கிடந்ததை மிதித்துவிட்டு வருவோம். குதிகாலில் ஒட்டினால் தண்ணீருக்கு அசையாது. அம்மா தேங்காயெண்ணெய் தடவி, சாம்பல் போட்டு, தும்பால் உரஞ்சி எடுப்பா. உரஞ்சும்போது தோலும் சேர்ந்து எரியும். அதற்குப் பயந்து சில நாள் காலைக் காட்டாமலே படுத்துவிடுவேன். காலையில் பாயில் கறுப்பு இருக்கும்.

விளையாட்டு என்று கேட்டாய். வேலிக்கு வெளியே பாவிக்காத தாங்கி ஒன்று இருந்தது. கல்லெடுத்துத் தட்டுவோம். வெறுந் தாங்கி கோயில் மணி மாதிரி நெடுநேரம் இரையும். எண்ணெய் உள்ள தாங்கி பூசணிக்காயில் தட்டினது மாதிரி 'தொப்' என்று நின்றுவிடும். அப்பா அதைக் கண்டால் அடிப்பார். ஆனால் ஒரு நாள் அவரே என்னைக் கூட்டிக்கொண்டு போய், பின்னேர வெயில் பட்ட ஒரு தாங்கியின் தகட்டில் என் உள்ளங்கையை வைத்துக் கீழிருந்து மேலே இழுக்கச் சொன்னார். கீழே தகடு குளிர்ச்சி. என் நெஞ்சு உயரத்துக்கு வந்ததும் சட்டென்று சுட்டது. "அந்த இடத்தோட எண்ணெய் முடிஞ்சுது" என்றார். எண்ணெய் இருக்கிற இடத்தில் வெயிலின் சூட்டை அது வாங்கிக்கொள்ளும், வெறுமையான இடத்தில் தகடு தனியாகக் காயும். நாடாவும் வேண்டாம், கொப்பியும் வேண்டாம். இன்றைக்கும் வீட்டில் காஸ் சிலிண்டர் முடிந்துவிட்டதா என்று பார்க்க மகள் அதன்மேல் சுடுதண்ணீர் ஊற்றித் தடவுகிறாள். அவளுக்கு அது பேரனின் போனில் பார்த்த வித்தை. எனக்கு அப்பாவின் கை.

1942 நான் பிறப்பதற்கு முந்தியது. ஆனால் அந்தக் கதையைக் கேட்காமல் சீனக்குடாவில் ஒருவரும் வளர்ந்திருக்க முடியாது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, யப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். நாலு நாள் கழித்து, 9ஆம் திகதி வியாழக்கிழமை காலையில் திருகோணமலை. ஒரு விமானம் வந்து தாங்கி ஒன்றில் விழுந்தது. அதில் இருந்த மூன்று பேரும் போய்விட்டார்கள். தாங்கி நாள் கணக்கில் எரிந்தது. ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் முதல் நாள் இரவே இங்கிருந்து வெளியே போயிருந்தது, அதையும் அன்றைக்கே மட்டக்களப்புக்கு நேரே கடலில் தாட்டார்கள். சனம் கண்டி வீதியால் நடந்தது. பானை சட்டி, ஆடு மாடு, பிள்ளை குட்டி எல்லாவற்றோடும் தம்பலகாமம், கந்தளாய் என்று நடந்தார்கள். அப்பாவுக்கு அப்போது இருபத்து நாலு வயது. ஆச்சியைத் தோளில் தூக்கிக்கொண்டு தம்பலகாமம் வரைக்கும் போனார். திரும்பிப் பார்க்கும் போதெல்லாம் பின்னால் கறுப்பாக ஒரு மலை நின்றதாம், புகை. மூன்றாம் நாள் தம்பலகாமத்தில் காய்ந்த துணியில் கரி படிந்தது என்று ஆச்சி சொல்லுவா. அந்தத் தாங்கியின் தகடு உருகிச் சுருண்டு இப்போதும் காட்டுக்குள் கிடக்கிறது.

1957 ஒக்டோபர் 15இல் கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் ஒப்படைத்தார்கள். எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் இனிப்புத் தந்தார்கள். நான் ஓடிவந்து வீட்டில் சொன்னால் அம்மா அழுதுகொண்டிருக்கிறா. மலையாளி வீட்டுக்காரர் சாமான் கட்டிக்கொண்டிருந்தார். சுதந்திரம் வேண்டும் என்றவர்கள்தான் எங்கள் வீட்டிலும் எல்லோரும். அப்பா கூட்டத்துக்கெல்லாம் போனவர். ஆனால் கப்பல் குறைந்தால் எண்ணெய் இறங்காது, எண்ணெய் இறங்காவிட்டால் டிப் பார்க்க ஆள் எதற்கு என்ற கணக்கு அம்மாவுக்குச் சட்டென்று பிடித்துவிட்டது. அப்பாவுக்கு வேலை உடனே போகவில்லை. வரிசையில் ஒவ்வொரு வீடாகப் பூட்டு விழுந்தது. மலையாளி அம்மா போகும்போது தன் தேங்காய்த் துருவலையை எங்கள் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனா. அது இன்னும் என் மகளின் குசினியில் இருக்கிறது.

1964 டிசம்பர் 22 இரவுப் புயலையும் எழுத வேண்டும், ஆனால் கண் வலிக்கிறது. தனுஷ்கோடியை அழித்த அதே புயல்தான். அந்த இரவு வெறுந் தாங்கிகள் எல்லாம் காற்றில் ஒன்றாக ஊதின. எங்கள் கூரைத் தகரம் போய்விட்டது. அப்பா எங்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, எந்தச் சத்தம் எந்தத் தாங்கி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பயப்படாமல் இருக்கச் சொன்னாரா, தன்பாட்டில் எண்ணினாரா தெரியாது.

கொப்பியைப் பிரித்துப் பார்த்துவிட்டு எழுது மகள்.

---

வெள்ளைமணலான்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ஐயா எழுதியதை வீட்டில் சத்தமாக வாசித்தேன். உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டா.

சீனக்குடாவுக்கு மீன் கொண்டுவந்த வெள்ளைமணல் ஆட்களில் என் வாப்பாவும் ஒருவர். பிரம்புக் கூடையில் ஈரச்சாக்குப் போட்டு மூடித் தலையில் வைத்துக்கொண்டு வருவார். வரிசை வீடுகளில் கடன் கொடுத்து, சம்பள நாளில் வாங்குவார். எழுத்து வாசனை இல்லாதவர். வீட்டுக்கு ஒரு கயிறு, மீனுக்கு ஒரு முடிச்சு. அந்தக் கயிறுகளை வீட்டு வாசல் ஆணியில் தொங்கவிட்டிருப்பார், நாங்கள் தொடக்கூடாது. 1957க்குப் பிறகு சில கயிறுகளில் முடிச்சு அவிழாமலே கிடந்தன. போன குடும்பங்கள் திருப்பிக் கொடுக்கவில்லை என்று வாப்பா ஒருநாளும் குறை சொன்னதில்லை. "அவங்களே ஒண்டுமில்லாமப் போனாங்க" என்பார்.

ஒரு விடயம் மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். ஜெட்டியில் (இறங்குதுறையில்) கப்பல் எண்ணெய் இறக்கும் நாட்களில் கடலில் வானவில் மாதிரிப் படலம் மிதக்கும். அன்றைக்கு வலை போட்டால் மீனிலும் அந்த மணம் இருக்கும். வாப்பா அந்த மீனைச் சீனக்குடாவில் விற்கமாட்டார். அங்கே உள்ளவர்கள் மணத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நாங்கள் நினைத்தோம். அதில்லை, "பகலெல்லாம் அதை மணக்கிற மனிசன், ராவைக்குச் சோத்திலயுமா மணக்கோணும்" என்பார். அந்த நாட்களில் தூரம் போய், கொட்டியாரப் பக்கம் வலை போட்டுத்தான் கொண்டுவருவார்.

கிண்ணியாவுக்குப் பாலம் இல்லாத காலம் அது. 2009இல்தான் பாலம் திறந்தார்கள். அதற்கு முன் பாதை என்று சொல்கிற மிதவையில்தான் ஆளும் வண்டியும் கடக்க வேண்டும். உம்மாவைக் கலியாணம் முடித்துக் கூட்டிவந்ததும் அதில்தான். அன்றைக்கு இரவு மறுகரையில் நின்று பார்த்தபோது தூரத்தில் வரிசையாக வெளிச்சம் தெரிந்ததாம். அது எந்த ஊர் என்று உம்மா கேட்டிருக்கிறா. "ஊர் இல்ல, எண்ணெய்" என்றாராம் வாப்பா.

---

கப்பல்துறைப் பெடியன்

ஐயா, அருமையாக இருக்கிறது. நான் இந்தத் துறைக்குப் பக்கத்தில் வேலை செய்பவன், அதனால் இன்றைய நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இப்போது கணக்கில் உள்ளவை 99 தாங்கிகள். 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களிலேயே இவற்றைப் பற்றிய பேச்சு உண்டு. 2003இல் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கம்பனியான லங்கா ஐஓசி வந்தது. அவர்கள் பாவித்தது கீழ்ப்பகுதியில் உள்ளவற்றைத்தான். மேல்பகுதி அப்படியே காடேறிக் கிடந்தது. 2022 ஜனவரியில் புதிதாகப் பிரித்தார்கள்: 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐஓசிக்கு, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு.

மேல்பகுதிக்கு ஒருமுறை அனுமதியோடு போனேன். தாங்கியின் கூரையிலேயே ஆலமரம் முளைத்திருக்கிறது. வேர் தகட்டோடு சேர்ந்து கீழே இறங்கியிருக்கிறது. ஆனால் தகட்டின் தடிப்பைப் பார்த்தால், துருவைச் சுரண்டி எடுத்தால் உள்ளே இரும்பு இன்னும் நல்ல இரும்பாகத்தான் இருக்கிறது.

இப்போது அளவு பார்ப்பது பெரும்பாலும் கருவியில். திரையில் எண் வரும். ஆனாலும் கணக்கில் சந்தேகம் வந்தால் கையால் அளப்பதைத்தான் கடைசி வார்த்தையாக வைக்கிறார்கள். ரேப் இன்னும் வேலையில் இருக்கிறது அக்கா.

---

உப்புவெளிப் பேத்தி

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஐயா எழுதியதை அம்மாவுக்கு இரண்டு முறை வாசித்தேன். தும்பால் காலை உரஞ்சுகிற இடம் வந்ததும் "ஓம், ஓம், சாம்பல்" என்று அம்மா தானாகச் சொன்னார். அது வரைக்கும் அவருக்கு நினைவே இல்லாத விடயம்.

கொப்பியை ஆவியில் காட்டி மெதுவாகப் பிரித்தேன். ஐயா சொன்னது மாதிரியே இருக்கிறது. பக்கத்துக்கு ஐந்து நிரல். முதலாவது ஒரு எண், பிறகு நேரம், பிறகு அடி-அங்குலம், பிறகு இன்னொரு எண் (அதுதான் சூடு என்று நினைக்கிறேன்), கடைசியில் சின்னக் கையொப்பம். நேரம் எல்லாம் 5.40, 5.55, 6.10 என்று காலையாகவே இருக்கிறது. இரண்டு இடத்தில் அளவுக்குப் பதிலாகத் தமிழில் "மின்னல். ஏறவில்லை" என்று எழுதியிருக்கிறார். அம்மப்பாவின் தமிழ்க் கையெழுத்தை நாங்கள் இதுவரை பார்த்ததே இல்லை.

ஒரு சந்தேகம். முதல் நிரலில் உள்ள எண்கள் தாங்கி இலக்கம்தானே? 88, 89, 90 என்று வருகிறது. அதற்குப் பிறகு 92. பக்கத்துக்குப் பக்கம் பார்த்தேன், எல்லாவற்றிலும் 91 இல்லை. அம்மப்பா ஒன்றை அளக்க மறந்துவிட்டாரா? அல்லது வேறு யாராவது அதைப் பார்த்திருப்பார்களா?

இன்னொன்று: பித்தளைக் கட்டி கறுத்துப்போய் இருக்கிறது. அம்மா புளி போட்டு விளக்கிச் சாமியறையில் வைக்கலாம் என்கிறார். செய்யட்டுமா?

---

சீனக்குடாப் பழையவன்

மறக்கவில்லை மகள். 91தான் அந்த விமானம் விழுந்து எரிந்த தாங்கி. அதை ஒருவரும் திரும்பக் கட்டவில்லை, அந்த எண்ணை வேறு தாங்கிக்குக் கொடுக்கவும் இல்லை. அதனால் 90 முடிந்து 92க்குத்தான் போக வேண்டும். எங்கள் அப்பாவின் கணக்கிலும் அப்படித்தான். 90இலிருந்து 92க்கு நடக்கிற வழியில் அந்த உருகின தகட்டைக் கடந்துதான் போக வேண்டும். ஒவ்வொரு விடியற்காலையும் இருட்டோடு. அந்த இடத்தில் அப்பா டோர்ச்சை அணைத்துவிட்டு நடப்பாராம். அதற்குக் காரணம் சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை. உன் அம்மப்பாவும் அந்த வழியால்தான் நடந்திருக்கிறார்.

அந்த இரண்டு "ஏறவில்லை"யும் எனக்குப் பெரிய சந்தோசம். ஒருநாள் அளவு இல்லாவிட்டால் கந்தோரில் கேள்வி வரும். சில பேர் முதல் நாள் அளவையே கொஞ்சம் மாற்றி எழுதிவிடுவார்கள். உன் அம்மப்பா ஏறாததை ஏறவில்லை என்று எழுதியிருக்கிறார். அதை அம்மாவிடம் சொல்லு.

வெள்ளைமணல் தம்பி, உங்கள் வாப்பாவின் கூடையை எனக்குத் தெரியும். ஈரச்சாக்கின் மணம் இப்போதும் மூக்கில் நிற்கிறது. எங்கள் வீட்டுக் கயிற்றில் அவிழாத முடிச்சு இருந்தால் சொல்லுங்கள், நான் வந்து கொடுக்கிறேன். நாலாவது வீடு, வாசலில் முருங்கை.

இனிக் கட்டி. புளி போடவே கூடாது பிள்ளை. சாம்பலும் வேண்டாம், கடையில் விற்கிற பொலிஷும் வேண்டாம். அதில் வெட்டியிருக்கிற கோடு தலைமயிர் தடிப்புத்தான் இருக்கும், தேய்த்தால் போய்விடும். பழைய பருத்தித் துணியில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தொட்டு, கோட்டின் போக்கிலேயே மெதுவாகத் துடை, குறுக்கே தேய்க்காதே. கோட்டுக்குள் கறுப்பு இருந்தால் இருக்கட்டும், அது இருந்தால்தான் எண் தெரியும். நாடாவை முழுவதும் வெளியே இழுத்து, முறுக்கு விழாமல் திண்ணை நீளத்துக்கு விரித்து, அதே துணியால் ஒருமுறை துடைத்து, காய விட்டுச் சுற்று. சுற்றும்போது உன் இடது கையில் துணியைப் பிடித்து நாடா அதற்குள்ளால் ஓடும்படி விடு. அவர்கள் அப்படித்தான் சுற்றுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பேரன் உப்புவெளிப் பக்கம் வருகிறான். என்னையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். அது வரைக்கும் கொப்பியை வெயிலில் வைக்காதே.